கணிதமும் மாணவர் தற்பயிற்சியும்
(காலடிப்பேட்டையிற் கூடிய நம் சங்க மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணவர்க்கு உபகாரச் சம்பளம் அளிப்பதோடு தம் கடமை தீர்ந்ததென்று கருதாமல், அவர்கள் கல்லூரியில் எய்தும் இடர்களையும் ஆராய வேண்டுமென இக்கூட்டத்தைக் கூட்டிய சங்கத்தாரை யாம் மனமாரப் பாராட்டுகின்றோம். அவ்விடர்களுள் தலையாயது கணிதம். பன்னிரண்டாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்ற பிள்ளையைப் பெற்றோர் கடன்பட்டுப் பொறியியற் கல்லூரியிற் சேர்க்கின்றனர். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், 'அணிகளும் நுண்கணிதமும்' என்னும் தாள் முதற் பருவத்திலேயே எதிர்ப்படுகின்றது. அதிற் பிள்ளை தவறுகின்றான். 'அரியர்' என்று அதனைச் சுமக்கின்றான். வீட்டாரிடம் சொல்ல நாணுகின்றான். அடுத்த பருவத்துத் தாளும் முன்னதன்மேல் நிற்பதால் அதிலும் தவறுகின்றான். முடிவில் வேலைக்கு வேண்டும் பட்டம் கைக்கு எட்டாமல், கடன் மட்டும் வீட்டில் எஞ்சி நிற்கின்றது. பெண்மக்கள் நிலை இதனினும் இரங்கத்தக்கது. ஒரு தாள் தவறியதே படிப்பை நிறுத்துதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது.

இந்நிலையில் நம்மவருட் சிலர், "நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது" என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இச்சொல்லை யாம் வன்மையாக மறுக்கின்றோம். நாம் கூடியிருக்கும் இவ்வூரின் வரலாற்றையே நோக்குங்கள். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த ஊர் இது. காலெட் பேட்டை என்பதே மக்கள் நாவிற் காலடிப்பேட்டை ஆயிற்று. தறியில் அமர்ந்தவர்க்கு எண்ணே தொழில். பாவில் ஓரிழை பிசகினும் துணி அதனைக் காட்டிவிடும். அத்தகையோர் வாழ்ந்த தெருவிற் பிறந்த பிள்ளைக்குக் கணக்கு வராதென்பது பொருந்தாக் கூற்று. எனினும், பழம்பெருமை பேசுவதால் ஒரு சமன்பாடும் தீராது. ஆதலின் இடர் எங்கே உள்ளதென்று காண்போம்.

ஓர் உதாரணம் கூறுவோம். 3 ஓம் மின்தடையும் 4 ஓம் மின்மறுப்பும் தொடராக இணைந்த மாறுமின்னோட்டச் சுற்றின் மொத்த மின்னெதிர்ப்பு யாது? மூன்றன் வர்க்கம் 9; நான்கன் வர்க்கம் 16; கூடினால் 25; அதன் வர்க்கமூலம் 5. ஆகவே விடை 5 ஓம். மாணவருட் சிலர், கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் காண்பதை விடுத்து, ஒவ்வொன்றற்கும் தனித்தனி வர்க்கமூலம் கண்டு கூட்டி, 7 ஓம் என்று எழுதிவிடுவர். மின்னியற் பாடம் தமக்கு விளங்கவில்லையென்று வருந்துவர். மின்னியல் விளங்காமையன்று அது. கூட்டியதன் வர்க்கமும் வர்க்கங்களின் கூட்டலும் வெவ்வேறு என்னும் பள்ளிப்பருவத்துப் பாடம் அவர்க்கு உறுதிப்படவில்லை. நுண்கணிதத்திலும் இவ்வாறே. வகையிடும் விதியைப் பலரும் சரியாகவே எழுதுவர். அதன்பின் வரும் பின்னத்தைச் சுருக்குவதிலும், குறைக்குறியை அடைப்பினுள் செலுத்துவதிலும் தடுமாறுவர். மேல்மாடியில் நீர் ஒழுகுகின்றதென்று அழும் வீட்டில், பழுது அடித்தளத்துச் சுவரில் இருக்கின்றது.

இனி, இக்கடற்கரையிலேயே தற்பயிற்சிக்கு ஒரு பெருஞ்சான்று உண்டு. நமக்குத் தெற்கே சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில், 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் எழுத்தர் அமர்ந்தார். அவரே சீனிவாச இராமானுஜன். 1887இல் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், பள்ளி மாணவராயிருக்கையில் கார் என்பவர் இயற்றிய கணிதத் தொகுப்பு நூலொன்றைப் பெற்றார். ஏறத்தாழ ஐயாயிரம் முடிபுகளைக் கொண்ட அந்நூலில், நிறுவும் வழி பெரும்பாலும் விரித்துரைக்கப்படவில்லை. அக்குறையே அவருக்கு ஆசானாயிற்று. ஒவ்வொரு முடிபிற்கும் இடையிலுள்ள படிகளைத் தாமே சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதிக் கண்டுகொண்டார்.

இவ்வரலாற்றைச் சொல்பவர் பலரும் இங்கேயே நிறுத்திவிடுவர். மாணவர்க்குப் பயன்படுவது இதற்கு அப்பாலுள்ள பகுதியே. கணிதம் ஒன்றையே பற்றி ஏனைப் பாடங்களைக் கைவிட்டமையால், அவர் கல்லூரித் தேர்வில் மீண்டும் மீண்டும் தவறினார். உபகாரச் சம்பளத்தையும் இழந்தார். தனியே கற்றதற்கும் ஒரு விலை உண்டாயிற்று: 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதத் தொடங்கிய கடிதங்களில், பகா எண்களைப் பற்றிய முடிபுகளுட் சில பிழையாயிருந்தன. ஹார்டியும் நிறுவல்களைக் கேட்டார்.

அதற்கு முன்னரே துறைமுகத்தில் அவருக்கு ஒரு நற்றுணை கிடைத்திருந்தது. அவருடைய மேலதிகாரியும் கணிதம் கற்றவருமாகிய நாராயண ஐயர், மாலைதோறும் அவருடன் சிலேட்டு வைத்துக் கணக்கிட்டு வந்தார். இராமானுஜன் ஒரு படியிலிருந்து மறுபடிக்குத் தாவுங்கால், அவ்விரண்டிற்கும் இடையே பத்துப் படிகளாயினும் எழுதவேண்டுமென்று வற்புறுத்துவாராம். மாணவர்களே! இராமானுஜனுக்கே இடைப்படிகள் வேண்டியிருந்தன, நமக்கு வேண்டாவோ? தற்பயிற்சியின் சாரம் இதுவே என்பது எம் துணிபு: விடுபட்ட படிகளைத் தானே எழுதுவதும், எழுதியதைச் சோதிக்க ஒரு துணையைத் தேடுவதும்.

செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, எப்படி உடைந்ததென்று அறிதல். எட்டாம் வகுப்பு முதற் பத்தாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பாடநூல்களை எடுத்து, ஒவ்வோர் அதிகாரத்தின் இறுதியிலும் ஐந்து கணக்குகளை விடை நோக்காமற் செய்து பாருங்கள். எங்கே கை நிற்கின்றதோ அங்கேயே தொடங்குங்கள். கல்லூரி மாணவன் எட்டாம் வகுப்பு நூலைத் தொடுவது இழிவென்று எண்ண வேண்டா. பின்னம், அடுக்குக்குறி, காரணிப்படுத்தல், முக்கோணவியல் என்னும் நான்கும் உறுதிப்பட்டால், முதற்பருவத்துத் தாளின் அச்சம் பெரிதும் நீங்கும்.

இரண்டாவது, புத்தகத்தை மூடிவைத்து எழுதுதல். தீர்த்துக் காட்டிய கணக்கைப் படிக்குங்கால் எல்லாம் விளங்கியதுபோலத் தோன்றும். மூடியபின் எழுதப் புகுந்தால் இரண்டாம் வரியிலேயே கை நிற்கும். அவ்விடமே கற்க வேண்டிய இடம். ஒவ்வொரு வரியின் பக்கத்திலும், அது முன்வரியிலிருந்து எவ்விதியால் வந்ததென்று குறித்து வையுங்கள். அதே கணக்கை மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் மறுபடி செய்யுங்கள்.

மூன்றாவது, விடையைத் தானே சோதித்தல். ஆசிரியர் அருகில் இல்லாதவனுக்கு எண்களே ஆசிரியர். ஒரு விதி உண்மையோ என்று ஐயம் நேரின், எழுத்துக்களுக்குப் பதிலாகச் சிறிய எண்களை இட்டுப் பாருங்கள். மூன்றும் நான்கும் கூடியதன் வர்க்கம் 49. அவற்றின் வர்க்கங்களின் கூட்டல் 25. இரண்டும் ஒன்றல்லவென்பது உள்ளங்கை நெல்லிக்கனி. சமன்பாட்டின் விடையை அச்சமன்பாட்டிலேயே இட்டுப் பார்ப்பதும், தொகையிட்டதை மீண்டும் வகையிட்டுப் பார்ப்பதும் இவ்வகையினவே.

நான்காவது, கருவிகளை அளவறிந்து கொள்ளுதல். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டத்தின் விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். ஆசிரியர் அடுத்த படியை எழுதுமுன் நிறுத்தி, அதனை நீங்களே எழுதிப் பார்த்தபின் தொடருங்கள். கைப்பேசியோ இக்காலத்தில் எக்கணக்கிற்கும் நொடியில் வழி காட்டுகின்றது. அதனை எழுதி முடித்தபின் ஒப்புநோக்கக் கொள்க; எழுதுமுன் நோக்கின் அது பயிற்சியைத் திருடிவிடும்.

ஐந்தாவது, துணை. ஒருவருக்கொருவர் உரக்க விளக்கிச் சொல்லும் இருவர், தனித்துப் படிக்கும் இருவரினும் விரைவில் தேறுவர். விளக்கும்போதே விடுபட்ட படி வெளிப்பட்டுவிடும்.

சங்கத்துப் பெரியோர்களே! இனி உங்களுக்கு ஒரு விண்ணப்பம். நமக்கு அண்மையிலுள்ள இராயபுரத்தில், முத்தியாலுப்பேட்டைப் பள்ளியிற் கணித ஆசிரியராயிருந்த பி. கே. சீனிவாசன் என்னும் பெரியார், 1993இல் அவ்வைக் கலைக் கழகத்தாரோடு சேர்ந்து இராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் நிறுவினார். இராமானுஜனின் கடிதங்களையும் அவரைப் பற்றிய நினைவுரைகளையும் தேடித் தொகுத்து 1968இல் நூலாக்கியவரும் அவரே. ஒரு பள்ளி ஆசிரியரால் இத்துணை இயன்றதெனின், ஒரு சங்கத்தால் ஓர் அறையும் இரண்டு பலகையும் இயலாதா? வாரம் இருமுறை மாலையில் சங்கக் கட்டடத்தைத் திறந்து வையுங்கள். முடித்த வகுப்பின் பாடநூல்களைப் பழைய தாள் கடைக்கு அனுப்பாமல் அங்கே சேருங்கள். கணிதத் தாளில் தேறிய மூத்த மாணவர், உபகாரச் சம்பளம் பெறுவதற்கு ஈடாக, இளையவரோடு ஒரு மணி நேரம் அமரட்டும். பெண்மக்களும் தயக்கமின்றி வருமாறு தாய்மார்கள் உடனிருந்து உதவுக.

பெற்றோர்க்கும் ஒரு சொல். ஒரு தாளிற் பிள்ளை தவறினான் என்றறிந்தால், கடிந்து பேசுமுன், எந்தப் படியில் நின்றாய் என்று வினவுங்கள். அவ்வினாவிற்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை பாதி தேறிவிட்டான்.

மாணவர்களே! இன்றிரவே ஒரு பழைய கணக்கை எடுத்து, விடுபட்ட படிகளை எழுதத் தொடங்குங்கள். அடுத்த கூட்டத்திற்கு அந்த நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள். யாமும் உங்களோடு அமர்ந்து பார்ப்போம்.