பேச்சு நின்றவருக்கு ஊரே துணை



பக்கவாதம் வந்து கை கால் ஓரளவு தேறிய பிறகும் சிலருக்குப் பேச்சு திரும்புவதில்லை. சொல்ல வேண்டியது மனதில் தெளிவாக இருக்கும், வாய்க்கு வராது. சிலர் ஒன்றை நினைத்து வேறொன்றைச் சொல்லிவிடுவார்கள். சிலருக்கு அடுத்தவர் வேகமாகப் பேசினால் பிடிபடாது. மருத்துவர்கள் இதை அஃபேசியா என்கிறார்கள். பெரும்பாலும் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்படுவதால் வருவது. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது உண்டு. புத்தி போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். பாசமும் ரோஷமும் அப்படியே இருக்கின்றன.

பட்டினச்சேரி போன்ற மீனவ ஊரில் காற்றும் வலையும் மீன் விலையும் கரையில் பேசித்தான் முடிவாகும். பேச முடியாதவர் முதலில் ஏலத்துக்குப் போவதை நிறுத்துவார். பிறகு வலை பின்னும் இடத்துக்கும் வரமாட்டார். கடைசியில் வீட்டோடு முடங்குவார். நோயைவிட இந்தத் தனிமை கொடியது.

அந்தத் தனிமையைக் கலைக்க ஊர்த் திருவிழாவும் ஒரு வழி. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். பெருமாளின் தேவியான பத்மினி நாச்சியார் தங்கள் குலத்துப் பெண் என்பதால், பட்டினச்சேரி மக்கள் பெருமாளை மாப்பிள்ளையாகவே வரவேற்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பேச முடியாதவரையும் அழைத்துப் போங்கள். பேச்சு போன பலருக்கும் பாட்டும் பழகிய வேண்டுதலும் நாவில் வந்துவிடும். இதை வைத்தே, மெட்டோடு சொற்களைப் பழக்கும் சிகிச்சை 1970-களில் உருவானது.

கனடாவின் டொராண்டோவில் 1979-ல் பேட் அராட்டோ என்ற பெண், கணவர் பேச்சிழந்தபின் இப்படிப்பட்டவர்களுக்கென ஒரு மையம் தொடங்கினார். எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்கும் அங்கே பயிற்சி உண்டு. அதை நாமும் செய்யலாம். டிவியை நிறுத்திவிட்டு, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் கேளுங்கள். “அண்ணே, இன்னைக்கு வஞ்சிரம் பட்டுச்சா?” என்றால் தலையசைத்தே பதில் சொல்லலாம். படம் வரையட்டும், பொருளைக் காட்டட்டும். வார்த்தை வரும்வரை பொறுத்திருங்கள். காது கேட்காதவரிடம் போலக் கத்த வேண்டாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் சான்றிதழ் பற்றியும் பேச்சுப் பயிற்சி பற்றியும் கேளுங்கள். ஆண்டுகள் கடந்தாலும் முன்னேற்றம் வரக்கூடும்.

உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், இன்று மாலையே போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். நாளைக்கு வலை பின்னும் இடத்துக்குக் கையோடு அழைத்து வாருங்கள்.