அடுக்களைப் புகையும் கடற்காற்றும்

(காரோட்டில் நடந்த உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னவர், "பொதுவா ஏதாவது ஒரு விஷயம், அரை மணி போதும்" என்றார். பொதுவாகப் பேச என்னைவிட ஞானஸ்தர்கள் இங்கே பலர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். அடுக்களையில் புகைக்கூண்டு கட்டியிருக்கிறோம். ஆனாலும் புகை ஏன் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது?

"இந்தக் காலத்தில் யார் விறகு அடுப்பு மூட்டுகிறார்கள்?" என்று பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்திருப்பவர்கள் கேட்கலாம். பாறசாலை, நெய்யாற்றின்கரை, காரோடு பக்கத்து வீடுகளில் கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். முன்னால் கேஸ் அடுப்பும் மிக்ஸியுமாக ஒரு 'ஷோ' கிச்சன். பின்னால் 'வர்க் ஏரியா'. அங்கே விறகு அடுப்பு. தோப்பில் தினமும் மட்டை விழுகிறது, கொதும்பு விழுகிறது. சிரட்டையும் தொண்டும் சேருகின்றன. இதையெல்லாம் விட்டுவிட்டு சிலிண்டரில் குத்தரிசி வேகவைக்க யாருக்கு மனசு வரும்? குளிக்க வெந்நீரும் இங்கேதான். ச்ராத்தத்துக்கு விறகு அடுப்பில்தான் தளிகை என்று வைத்திருக்கும் க்ருஹங்களும் உண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நமக்குத் தெற்கே ஒரு கோடு போட்டு, விளவங்கோட்டைத் தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரையைக் கேரளத்துக்கும் கொடுத்தார்கள். அடுக்களைப் புகைக்கு அந்தக் கோடு தெரியாது. இரண்டு பக்கமும் இதே கதைதான்.

இதில் கண்ணெரிச்சலோடு விஷயம் முடிவதில்லை. வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத நம் பாட்டிமார்களுக்கு வரும் நாள்பட்ட மூச்சிரைப்பில் அடுப்படிக்குப் பெரிய பங்கு உண்டு. கண்புரைக்கும் புகைக்கும் தொடர்பு இருக்கிறது.

பழைய ஓட்டு வீடுகளில் புகைக்கூண்டே கிடையாது. ஓட்டு இடுக்குகள் வழியாகப் புகை மெல்லக் கசிந்து போகும். போகிற வழியில் பரணில் இருக்கும் விறகைக் காய வைக்கும். உத்தரத்தை வண்டு அரிக்காமல் காக்கும். புகையில் நன்மையே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஓட்டை எடுத்துவிட்டுக் கான்கிரீட் போட்டோம், இடுக்கெல்லாம் அடைபட்டது. அதற்கு ஈடாக மேஸ்திரி ஒரு பெரிய கூண்டு கட்டிக் கொடுத்தார். "பெரிசா இருந்தாத்தான் நல்லா இழுக்கும்" என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குத்தான் தப்பு.

புகைக்கூண்டு எதையும் 'இழுப்பதில்லை'. உள்ளே இருக்கும் சூடான காற்று லேசானது, வெளியே இருப்பது கனமானது. கனமான காற்று கீழே புகுந்து லேசானதை மேலே தள்ளுகிறது, தராசு மாதிரி. இந்தத் தள்ளு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். 10 அடிக் குழாய், உள்ளே சராசரி 100 டிகிரி, வெளியே 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கிடைப்பது சுமார் 6 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தமே ஏறக்குறைய 10 பாஸ்கல் என்றால், இது எவ்வளவு சொற்பம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதுவே வாய் அகலமான கூண்டாக இருந்தால், அடுக்களையின் குளிர்ந்த காற்றும் கூடவே ஏறிக் கலந்து, உள்ளே 45 டிகிரிதான் நிற்கும். அப்போது தள்ளு ஒன்றரை பாஸ்கலுக்கு இறங்கிவிடும், கால் பங்கு! கூண்டு எத்தனைக்கெத்தனை பெரிதோ அத்தனைக்கத்தனை சோம்பேறி. ரம்ஃபோர்டு பிரபு என்பவர் 1796-இலேயே இதை எழுதி, இங்கிலாந்தின் கணப்பு அடுப்புகளுக்குக் கழுத்தைக் குறுக்கச் சொன்னார்.

இனி நம் கடற்காற்றுக்கு வருகிறேன். மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில், கொடியில் துணி ஆடுகிற அளவுக்கு, காற்று ஒரு திறப்பில் நேராக மோதினால் அதன் அழுத்தம் சுமார் 5 பாஸ்கல். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. பூவாறு, பொழியூர் கடற்கரையிலிருந்து நாம் சில மைல் தொலைவில்தான் இருக்கிறோம். காலையில் காற்று சாந்தமாக இருக்கும். பத்து, பதினொரு மணிக்குமேல் கரை சூடாகிக் கடற்காற்று கிளம்பிவிட்டால், மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் சாயங்காலம் வரை வீசும். ஆறு பாஸ்கல் அடுப்பும் பதினெட்டு பாஸ்கல் காற்றும் குஸ்தி போட்டால் யார் ஜெயிப்பார்கள்?

காரோட்டிலேயே ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். என் சித்தி வீடுதான். சித்திக்கு எழுபத்தெட்டு வயது. இருமல் விடவில்லை; டாக்டர் இன்ஹேலர் கொடுத்து, அடுப்படிப் பக்கமே போகக்கூடாது என்றார். பிள்ளை பெங்களூர் ஃபிளாட்டுக்குக் கூப்பிட்டான். "ச்ராத்தம், திவசமெல்லாம் இங்கேதான். நான் வரலை, கேட்டியா?" என்று சித்தி முடித்துவிட்டார். அடுப்பை இடிப்பதா, சித்தியைக் கிளப்புவதா என்று குடும்பத்தில் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தபோதுதான் நான் போனேன்.

காலையில் புகை ஒழுங்காகப் போயிற்று. பதினொன்றரைக்கு அடுக்களை முழுக்கப் புகை. சித்தி எழுந்து மேற்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, கிழக்குக் கதவைத் திறந்து வைத்தார். "காத்து அடிச்சு புகையைச் சுழட்டறதுடா, அதான் மூடறேன்." எல்லார் வீட்டிலும் செய்வது இதுதான்; கூடாததும் இதுதான். காற்று வரும் பக்கத்தை அடைத்து, போகும் பக்கத்தை மட்டும் திறந்தால், வெளியே ஓடும் காற்று வீட்டுக்குள் இருப்பதை உறிஞ்சும். அந்தக் குறைவை நிரப்ப எங்கிருந்தாவது காற்று வந்தாக வேண்டும். சுலபமான வழி புகைக்கூண்டுதான். அதன் வழியே இறங்கும். நான் அடுப்பு வாயருகில் ஊதுபத்தியைப் பிடித்துக் காட்டினேன். கிழக்குக் கதவு மட்டும் திறந்திருந்தபோது பத்திப் புகை நம் முகத்துக்கு வந்தது. கதவைச் சாத்தி மேற்கு ஜன்னலை ஒரு சாண் திறந்ததும் உள்ளே போயிற்று. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. பத்தியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு இரண்டு தடவை தானே சோதித்துப் பார்த்தார்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785-இல் கப்பலில் ஊர் திரும்பும்போது, புகையும் கணப்புகளைப் பற்றி ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் ஒன்பது காரணங்கள் சொல்கிறார். முதல் காரணம், வீட்டுக்குள் போதுமான காற்று வராதது. கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, எந்த இடத்தில் புகை நிற்கிறது என்று பார்த்தால் எவ்வளவு திறப்பு வேண்டும் என்று தெரிந்துவிடும் என்கிறார். இன்றைக்கும் இதைவிட நல்ல சோதனை கிடையாது. காலணா செலவும் இல்லை.

பிறகு மொட்டை மாடிக்கு ஏறினேன். கூண்டின் தலை தளத்துக்கு இரண்டடிதான் மேலே. நாலு பக்கமும் திறப்பு, மேலே ஒரு ஸ்லாப். அதற்குக் கிழக்கே நாலடி தள்ளி மாடிப்படி அறை, அதன் மேல் கறுப்பு டேங்க். மேற்கே இருந்து வரும் காற்று அந்தச் சுவரில் முட்டிப் பின்வாங்கி, அங்கே அழுத்தம் கூடி, நேரே கூண்டுக்குள் இறங்குகிறது. நம் பக்கத்துப் புது வீடுகளில் பாதிக்கு இதே அமைப்பு. கூரைக்கு மூன்றடி மேலேயாவது இருக்க வேண்டும், பத்தடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட இரண்டடி உயரமாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் புகைபோக்கிக்கு ஒரு விதி உண்டு. டேங்க் வைப்பதற்கு முன் இதை யோசித்தால் நல்லது.

செய்தது மூன்று வேலை. அடியில் சல்லடைக் கம்பியும் சாம்பல் குழியும் உள்ள, வாய் சிறிய அடுப்பு ஒன்று வைத்தோம். அதிலிருந்து நாலு அங்குலக் குழாயைப் பழைய கூண்டுக்குள்ளேயே ஏற்றி, சுற்றியிருந்த சந்தைத் தகடு போட்டு அடைத்தோம். குழாயை டேங்குக்கு மேலே போகும்படி பதினாறு அடி உயர்த்தி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, தலையில் ஆங்கில 'எச்' வடிவத் தொப்பி போட்டோம். எந்தத் திசைக் காற்றும் நேரே இறங்க முடியாது. தள்ளு இப்போது சுமார் 10 பாஸ்கல். கடைசியாக மேற்குச் சுவரில் தரையோடு ஒரு சின்னத் திறப்பு. பெருச்சாளி வராமல் வலை. அவ்வளவுதான். சித்தியின் நுரையீரலில் கெட்டுப்போனது திரும்பாது. இன்ஹேலர் இன்னும் உண்டு. ஆனால் ராத்திரி இருமல் குறைந்திருக்கிறது, பெங்களூர்ப் பேச்சும் நின்றிருக்கிறது. "இத்தனை வருஷமா இந்தக் குழாயை எங்கேடா ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று மட்டும் கேட்டார்.

குழாய் எது வாங்குவது என்று கேட்பீர்கள். ஜி.ஐ. தகரம் உப்புக் காற்றிலும் புகையின் அமிலத்திலும் சீக்கிரம் ஓட்டையாகிவிடும். கொஞ்சம் செலவானாலும் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருக்கும். அதை உடைக்காதீர்கள், வாளால் அறுக்காதீர்கள். அந்தத் தூசி அடுப்புப் புகையைவிடப் பொல்லாதது. நனைத்து, முழுசாகக் கழற்றி எடுக்க வேண்டும்.

இதெல்லாம் நான் கண்டுபிடித்ததல்ல. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் எஸ்.பி. ராஜு புகையில்லா அடுப்பை வகுத்து, 1953-இல் அதைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். நம் கேரளத்தில் சாஸ்திர ஸாஹித்ய பரிஷத் 1980-களில் கொண்டுவந்த 'பரிஷத் அடுப்பு' எத்தனையோ வீடுகளில் ஏறியது. மத்திய சர்க்கார் 1980-களின் மத்தியிலிருந்து 2002 வரை மேம்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தி, மூன்று கோடிக்கு மேல் அடுப்புகளைக் கொடுத்தது. அதில் எத்தனை இன்றைக்கு எரிகின்றன? ஒரிஸ்ஸாவில் ஹன்னா, டுஃப்லோ, கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் இத்தகைய அடுப்புகளை வருஷக்கணக்கில் கண்காணித்தார்கள். முதல் வருஷம் புகை குறைந்தது. அப்புறம் பலனே தெரியவில்லை. குழாயை யாரும் துடைக்கவில்லை, விரிசலைப் பூசவில்லை. கொடுத்தவர்கள் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. உங்கள் எலெக்ட்ரிக் சிம்னியும் இதே சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டதுதான். ஏ.ஸி.க்காக எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு சிம்னி ஓடவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள். ஒரு ஜன்னலை நாலு விரல் திறந்து பாருங்கள். வெளியே போகும் குழாயே இல்லாமல் வடிகட்டி மட்டும் உள்ள மாடல் எண்ணெய்ப் பிசுக்கைத்தான் பிடிக்கும். சூடும் வாயுவும் திரும்ப உங்கள் மூக்குக்கே வரும். கிருஹப்பிரவேசத்தன்று ஃபிளாட் ஹாலில் கணபதி ஹோமம் பண்ணும்போது, காற்று வரும் பக்கம் ஒரு ஜன்னலும் எதிர்ப்பக்கம் ஒன்றும் திறந்திருக்கட்டும். சமித்து ஈரமாக இருந்தால் சாஸ்திரிகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். பாத்ரூமில் கேஸ் கீஸர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாகக் கேளுங்கள். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு அதை எரிய விட்டால் சேரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையும் இல்லை, கண்ணெரிச்சலும் இல்லை. குளிக்கப் போனவர் திரும்பாத வீடுகள் உண்டு. கீஸரை பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

அடுப்படிக்கே திரும்பி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈரத் தொண்டும் பச்சை மட்டையும் போட்டால் எந்தக் குழாயும் தாங்காது. உள்ளே தார் மாதிரி கரி படியும். நாலு அங்குலத்தில் அரை அங்குலம் சுற்றிலும் படிந்தால் வழி கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மாதம் ஒரு தடவை, நீளக் கயிற்றில் தேங்காய் நார்ப் பந்தைக் கட்டி மேலிருந்து கீழே இழுத்துவிடுங்கள். இடவப்பாதிக்கு முன்னால் ஒரு தடவை, துலாவர்ஷத்துக்கு முன்னால் ஒரு தடவை தொப்பியையும் கழற்றிப் பாருங்கள். எங்கள் சித்தி வீட்டுத் தொப்பியில் போன வருஷம் மைனா கூடு கட்டியிருந்தது. குஞ்சு பறக்கும் வரை மூன்று வாரம் கேஸில்தான் சமையல்.