எதிர்முகாமிலிருந்து வந்த சாட்சி



1897ஆம் ஆண்டு ஏப்ரல் 19. ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை. பாரிஸ் நகரில் புவியியல் கழகத்தின் அரங்கம் நிரம்பி வழிகிறது. பாதிரியார்கள் வந்திருக்கிறார்கள், நாத்திகர்கள் வந்திருக்கிறார்கள், பத்திரிகைக்காரர்களும் நிறையவே வந்திருக்கிறார்கள். கைத்தடி, குடை எதுவானாலும் வாசலிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்று ஏற்பாடு. காரணம் பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது. முதலில் ஒரு தட்டச்சுப் பொறியைக் குலுக்கலில் பரிசாகக் கொடுத்தார்கள்.

கூட்டம் காத்திருந்தது டயானா வாகன் என்ற பெண்ணைப் பார்க்க. சாத்தானை வழிபடும் ரகசியச் சபையில் பெரிய பொறுப்பில் இருந்து, பிறகு மனம் திரும்பிக் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தவள் என்று அவளுக்குப் பெயர். அவளுடைய நினைவுக்குறிப்புகள் தவணை தவணையாக வெளிவந்து பக்தர்களிடையே பரபரப்பாக விற்றன. ஆளை மட்டும் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

மேடைக்கு வந்தவர் லியோ தக்ஸீல் என்ற எழுத்தாளர். டயானா என்ற பெயரில் தனக்குத் தெரிந்த தட்டச்சுக்காரப் பெண் ஒருத்தி உண்டு, அவளுக்கும் சாத்தானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, 12 ஆண்டுகளாகத் தான் எழுதியது அத்தனையும் கட்டுக்கதை என்று அவர் நிதானமாகச் சொல்லிவிட்டார். சின்ன வயதில் மார்செய் துறைமுகத்தில் சுறாக்கள் புகுந்துவிட்டதாகப் புரளி கிளப்பியதையும், ஜெனிவா ஏரிக்கடியில் ஒரு பழைய நகரம் மூழ்கிக் கிடப்பதாக ஊரை நம்பவைத்ததையும் பெருமையோடு சேர்த்துக்கொண்டார். அரங்கம் கொந்தளித்தது. போலீஸ் துணையோடுதான் அவர் வெளியேற வேண்டியிருந்தது. குடைகளை வாங்கி வைத்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

தக்ஸீல் திருச்சபையைக் கேலி செய்து பிழைத்தவர். 1885இல் திடீரென்று மனம் திரும்பியதாக அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ, ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தைக் கடுமையாகக் கண்டித்துச் சுற்றுமடல் வெளியிட்டிருந்தார். தக்ஸீல் அந்த மடலுக்கு ஆதாரம் தயாரித்துக் கொடுத்தார் என்றே சொல்லலாம். ஃப்ரீமேசன்கள் உள்ளறையில் சாத்தானை வணங்குகிறார்கள் என்று புத்தகம் புத்தகமாக எழுதினார். 1887இல் பாப்பரசரே அவரை நேரில் சந்தித்தார். தக்ஸீலும் அவருடைய கூட்டாளியும் ஒரு புனைபெயரில் எழுதிய பெருநூலில், முதலை உருவில் வரும் பேய் ஒன்று பியானோ வாசிக்கிறது. இலங்கையின் காலித் துறைமுகம், கல்கத்தா, நம்முடைய புதுச்சேரி எல்லாம் சாத்தான் வழிபாட்டு மையங்களாக அதில் வருகின்றன. புதுச்சேரிக்காரர்களுக்கு இப்படி ஒரு பெருமை இருந்தது அவர்களுக்கே தெரிந்திருக்காது.

இதை நம்பியவர்கள் எல்லாம் ஏமாளிகளா? நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் ஆலயங்களுக்கும் பெயராக இருக்கும் ‘சிறுமலர்’ தெரேசாள் அப்போது லிசியே நகரின் கார்மேல் மடத்தில் 20 வயதைத் தாண்டிய துறவி. டயானாவுக்காக அவர் ஜெபித்தார். மடத்தில் நடித்த நாடகத்தில் ஜோன் ஆஃப் ஆர்க் வேடத்தில் தன் சகோதரியோடு எடுத்துக்கொண்ட புகைப்படத்தை அவளுக்கு அனுப்பினார். பதிலும் வந்தது. பாரிஸ் கூட்டத்தில் தக்ஸீல் விளக்கொளியில் திரையில் காட்டியது அதே படம்தான். செய்தி மடத்துக்கு எட்டியதும் தெரேசாள் அந்தப் பதில் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் காசநோயில் இறந்தார். அன்புள்ளவர், கூர்மையான மனம் கொண்டவர், பிற்காலத்தில் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்டவர். அப்படிப்பட்டவரும் நம்பினார் என்றால் முட்டாள்தனம் என்ற விடை போதாது.

அன்றைய பிரெஞ்சுக் கத்தோலிக்கரின் நிலைமையைப் பாருங்கள். 1870இல் ரோமாபுரியே பாப்பரசரின் ஆட்சியிலிருந்து போய்விட்டது. 1882இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து மதபோதனை நீக்கப்பட்டது. அரசியல்வாதிகளில் ஃப்ரீமேசன்கள் இருந்ததும் உண்மை. ஆக இழப்பு உண்மை, எதிரிகளும் ஓரளவு உண்மை. சலிப்பூட்டும் பாராளுமன்ற வாக்கெடுப்புகளால் நடந்ததை, நள்ளிரவுச் சடங்குகளால் நடந்ததாகச் சொன்னபோது துக்கத்துக்கு ஒரு முகம் கிடைத்தது. அதைச் சொன்னவர் ‘நான் அங்கே இருந்தேன், பார்த்தேன், இப்போது உங்களிடம் வந்துவிட்டேன்’ என்றார். எதிர்முகாமிலிருந்து மனம் திரும்பி வந்த ஒருவரிடம் விசுவாசிகள் ஆதாரம் கேட்பதில்லை. கேட்டால் அது அவருடைய மனமாற்றத்தையே சந்தேகிப்பதாகிவிடும்.

இந்தக் கண்ணி கிறிஸ்தவத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, குடிகாரக் கணவன் திருந்திய கதையைச் சாட்சியாகச் சொல்கிறாள். கேட்பவர்கள் கண் கலங்குகிறார்கள். யாரும் மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. அந்தச் சபைக்கு உயிரே அந்த நம்பிக்கைதான். ஆனால் அதே தொனியில் ஒருவர் வந்து உலக வங்கியைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ சொன்னாலும், சபை பழைய வழக்கப்படியே தலையசைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு போர் நடக்கிறது என்று அந்த விசுவாசம் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கிறது. பெயர்களை நிரப்புவது மட்டும்தான் பாக்கி.

வரலாற்றில் இதற்கு ஒரு முரண் உண்டு. கிறிஸ்தவர்கள் தாங்களே சதிக்கதைகளுக்குப் பலியானவர்கள். கி.பி. 64இல் ரோமாபுரி எரிந்தபோது நீரோ பழியை அவர்கள் மேல் போட்டான். இரண்டாம் நூற்றாண்டில் அவர்கள் ரகசியமாகக் கூடிக் குழந்தைகளைக் கொன்று தின்கிறார்கள் என்று ஊரெங்கும் பேச்சு. ‘யார் பார்த்தது?’ என்று வக்கீல்போல் குறுக்கு விசாரணை செய்து எழுதினார் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன். பிற்காலத்தில் அதே கதை யூதர்கள் மேல் திரும்பியது. 1348இல் கொள்ளைநோய் பரவியபோது யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தார்கள் என்று கிறிஸ்தவ நகரங்கள் நம்பின. ஆறாம் கிளமெந்து பாப்பரசர் அதை மறுத்தார்: யூதர்களும் அதே நோயில் சாகிறார்கள், யூதர்களே இல்லாத ஊர்களிலும் நோய் இருக்கிறது என்பது அவர் வாதம். எளிமையான, மறுக்க முடியாத வாதம். இருந்தும் 1349 பிப்ரவரியில் ஸ்த்ராஸ்பூர்க் நகரத்தார் நூற்றுக்கணக்கான யூதர்களைத் தீயிலிட்டார்கள்.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே சதிக்கதைகளோடு கடைசி நாட்கள் பற்றிய போதனையும் சேர்ந்துகொண்டது. 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமம், தீர்க்கதரிசனங்களுக்கு அடிக்குறிப்புகள் அச்சிட்டு வீட்டுக்கு வீடு போனது. 1970இல் ஹால் லிண்ட்சி எழுதிய கடைசிக்கால நூல் அந்தப் பத்தாண்டில் அங்கே மிக அதிகம் விற்ற நூல்களில் ஒன்று. வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் பத்துக் கொம்புகளை ஐரோப்பியப் பொதுச்சந்தையோடு அவர் இணைத்துப் பார்த்தார். 1981இல் கிரேக்கம் சேர்ந்ததும் அந்தச் சந்தையில் சரியாகப் பத்து நாடுகள்! 1986இல் பன்னிரண்டானது. பிறகு இருபதைத் தாண்டிப் போனது. கொம்புகளின் கணக்கைப் பற்றி அப்புறம் அதிகம் பேச்சில்லை. வெளிப்படுத்தின விசேஷம் மிருகத்தின் எண்ணாகச் சொல்வது 666; அதிபர் ரொனால்ட் வில்சன் ரீகனின் மூன்று பெயர்களிலும் ஆங்கிலத்தில் ஆறாறு எழுத்துகள் என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு. இத்தனைக்கும் அவர் பக்திமான்களின் செல்லப்பிள்ளை. பதவிக்காலம் முடிந்து அவர் குடியேறிய வீட்டின் கதவு எண் 666ஆக இருந்தது. குடும்பத்தார் அதை 668 என்று மாற்றிக்கொண்டார்கள்.

சிரிப்பதற்கில்லாத ஒரு சம்பவம். 1974 டிசம்பரில் இரண்டு வானொலிக்காரர்கள் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்துக்கு ஒரு மனு போட்டார்கள். கல்விக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளை மத நிறுவனங்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவைத்து விசாரியுங்கள் என்பது மட்டுமே கோரிக்கை. 1975 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். அதற்குள் சபைகளில் வேறொரு செய்தி பரவிவிட்டது: நாத்திகத் தலைவி மேடலின் மரே ஒஹேர், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சுவிசேஷத்தையே தடை செய்ய மனு போட்டிருக்கிறார், உடனே கடிதம் எழுதுங்கள்! பள்ளிகளில் வேதவாசிப்பை எதிர்த்து 1963இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றவர்களில் ஒருவர் அவர். ஆகவே பெயர் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அந்த மனுவுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடிதங்கள் லட்சக்கணக்கில் குவிந்தன. ஆணையம் மறுப்பு வெளியிட்டது, மீண்டும் மீண்டும் வெளியிட்டது. கடிதங்கள் நிற்கவில்லை. ஒஹேர் 1995இல் கடத்தப்பட்டுக் கொலையானார். 2001இல் டெக்சாஸில் ஒரு பண்ணையில் உடல் எச்சங்கள் கிடைத்தன. அதற்குப் பிறகும் அவருடைய மனுவைத் தடுக்கச் சொல்லி மின்னஞ்சல்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

அந்தக் கடிதம் எழுதிய பாட்டிமார் யாருக்கும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். சபைச் சகோதரி கொடுத்த தாளை அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். வாஷிங்டன் அதிகாரியைவிட அந்தச் சகோதரியை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நம் வீட்டு விக்ஸ் டப்பாவும் ஏரியல் சோப்புத்தூளும் தயாரிக்கிற பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமும் தப்பவில்லை. நிலவும் 13 நட்சத்திரங்களும் கொண்ட அதன் பழைய முத்திரை சாத்தானின் சின்னம் என்று 1980களில் புரளி. நட்சத்திரங்கள் குறித்தது அமெரிக்காவின் ஆதி 13 குடியேற்றங்களை. ஜெரி ஃபால்வெல் போன்ற பெரிய போதகர்களே மறுப்பு எழுதிக் கொடுத்தார்கள். 1985இல் நிறுவனம் பொட்டலங்களிலிருந்து அந்த முத்திரையை எடுத்தது. புரளியைப் பரப்பிய போட்டி நிறுவன விற்பனையாளர்கள் மீதான வழக்கில் 2007இல் 1.925 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது. பக்தியின் பின்னால் வியாபாரமும் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இந்த வழக்கைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது.

இதைக் கிறிஸ்தவர்களின் குறை என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான். 1983இல் கலிபோர்னியாவின் மக்மார்ட்டின் மழலையர் பள்ளியில் தொடங்கிய குழந்தைகள் வன்கொடுமை வழக்கில், சாத்தான் சடங்கும் நிலத்தடிச் சுரங்கமும் இருந்ததாக நம்பியவர்களில் மனநல ஆலோசகர்கள், அரசு வழக்கறிஞர்கள், மதமே இல்லாத தொலைக்காட்சிக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். வழக்கு ஏழாண்டு நடந்தது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஓர் ஆசிரியர் மட்டும் குற்றம் நிரூபணமாகாமலே ஐந்தாண்டு சிறையில் இருந்தார். இத்தகைய புகார்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த எஃப்.பி.ஐ. அதிகாரி கென்னத் லேனிங், 1992 அறிக்கையில் அப்படியொரு ரகசிய வலைப்பின்னலுக்கு ஆதாரமே இல்லை என்று எழுதினார்.

2017 அக்டோபரில் கியூ என்ற முகமற்ற பெயரில் இணையத்தில் செய்திகள் வரத் தொடங்கின. குழந்தைகளைக் கடத்தும் சாத்தான் கூட்டம் ஒன்று அமெரிக்காவை ஆள்கிறது, ஒரு நாள் எல்லாம் வெளிவரும் என்பது சாரம். ரோமர்கள் கிறிஸ்தவர்களைப் பற்றிச் சொன்ன அதே குழந்தைக்கதை! 2021இல் அமெரிக்க எண்டர்பிரைஸ் நிறுவனம் நடத்திய ஆய்வில் வெள்ளை இவாஞ்சலிக்கரில் 27 சதவீதம் பேர் அது பெரும்பாலும் உண்மை என்றார்கள். நால்வரில் மூவர் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். லைஃப்வே ஆய்வு நிறுவனம் கேட்டபோது புராட்டஸ்டண்ட் போதகர்களில் 49 சதவீதம் பேர், சபையார் சதிக்கதைகளைச் சொல்வதை அடிக்கடி கேட்பதாக ஒப்புக்கொண்டார்கள்.

வெளியிலிருந்து வரும் மறுப்பு அநேகமாகத் தோற்கிறது. ‘அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்’ என்ற ஒரு வரி போதும் அதைத் தள்ளிவிட. உள்ளிருந்து எழும் குரலை அப்படித் தள்ளுவது கடினம். தக்ஸீலைச் சந்தேகித்தவர்களில் முக்கியமானவர் ஹெர்மான் குரூபர் என்ற இயேசு சபைப் பாதிரியார். அமெரிக்காவிலும் உள்ளிருந்தவர்களே இப்படிப் பொய்யை வெளிக்கொண்டு வந்த ஒரு கதை உண்டு.

மைக் வார்ன்கி 1972இல் ஒரு சாட்சி நூல் எழுதினார். தான் 1,500 பேருக்குத் தலைமை தாங்கிய சாத்தான் பூசாரி, இடுப்புவரை முடியும் ஆறங்குல நகமும் வளர்த்தவன், பிறகு ஆண்டவரைக் கண்டுகொண்டவன் என்றார். இருபது ஆண்டுகள் கூட்டங்களை நிறைத்தார். 1992இல் சிகாகோவில் ஒரு கிறிஸ்தவச் சமூகம் நடத்திய கார்னர்ஸ்டோன் பத்திரிகையின் இரண்டு நிருபர்கள், அவரோடு படித்தவர்கள், பழகியவர்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். அவர் உயர்நிலைப் பள்ளி முடித்தது 1965 ஜூன். கடற்படையில் சேர்ந்தது 1966 ஜூன். பூசாரியாகி, போதைக்கு அடிமையாகி, மூன்று நகரங்களை ஆண்டு, வீழ்ந்து எழுந்ததெல்லாம் அந்த ஒரே ஆண்டுக்குள் நடந்தாக வேண்டும். அந்தக் காலத்துப் புகைப்படத்தில் கண்ணாடி அணிந்த, முடியை ஒட்ட வெட்டிய ஒரு சாதுவான கல்லூரி மாணவன் நிற்கிறான்.

அந்த நிருபர்கள் ஊழியக்காரர்கள். வார்ன்கியை வெறுத்தவர்கள் அல்லர். அவருடைய பேச்சுகளை வெளியிட்ட கிறிஸ்தவ ஒலிப்பதிவு நிறுவனம் அவரைக் கைவிட்டது. வார்ன்கி சில மிகைப்படுத்தல்களை ஒப்புக்கொண்டார், சாத்தான் வழிபாட்டில் இருந்தது மட்டும் உண்மை என்று விடாமல் சாதித்தார், ஊழியத்தைத் தொடர்ந்தார். அவரை அழைத்த சபைகளும் இருந்தன.