சுடுகிற விளையாட்டும் எங்கள் பிள்ளைகளும்

(ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு அருகிலுள்ள எமது சங்க மண்டபத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஏ.எல். எடுத்ததோடு படிப்பை விட்டவன். கரினியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. செயலாளர் அண்ணை கேட்டபடியால் வந்து நிற்கிறேன்.

விசயம் உங்களுக்குத் தெரியும். இந்த மண்டபத்தின் பின்னறையைச் சனிக்கிழமை பின்னேரங்களில் தங்களுக்குத் திறந்துவிட வேண்டும், அதில் ஒரு பிளேஸ்ரேசனும் வைக்க வேண்டும் என்று பொடியள் சங்கத்துக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். போன கூட்டத்தில் அதை எதிர்த்துப் பலர் கதைத்தார்கள். "சுடுகிறதையும் வெட்டுகிறதையும் விளையாட்டாய்ப் பழகினால் நாளைக்கு றோட்டிலும் அதைத்தானே செய்வார்கள்?" என்று ஒரு ஐயா கேட்டார். நல்ல கேள்வி. உலகம் முழுக்கப் பெற்றோர் கேட்கிற கேள்வி. வேலைக்குப் போய்வரும் ரயிலில் இரண்டு கிழமையாக இதைப் பற்றித்தான் வாசித்தேன்.

முதலில் நாங்கள் இருக்கிற நாட்டையே எடுப்போம். 2006இல் 'பனோரமா' சஞ்சிகை 'ரூல் ஒவ் ரோஸ்' என்ற ஜப்பானிய கேமைப் பற்றி முன்னட்டையில் எழுதியது. சிறுமியை உயிரோடு புதைக்கிறவன் வெல்லுவான் என்று சொன்னது. நாடே கொந்தளித்தது. அப்போது ஐரோப்பிய ஆணையத்தில் நீதித்துறைக்குப் பொறுப்பாக இருந்த பிராங்கோ பிராத்தினி, இப்படியானவற்றுக்குக் கடும் கட்டுப்பாடு வேண்டும் என்று நாடுகளின் அமைச்சர்களுக்கு எழுதினார். பிறகு பார்த்தால் அந்தக் கேமில் அப்படி வெல்லுகிற ஏற்பாடே இல்லை. சத்தம் போட்டவர்களில் எத்தனை பேர் அதை ஒரு தரமாவது விளையாடிப் பார்த்தார்களோ!

அமெரிக்காவில் 1999இல் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் தங்களோடு படித்தவர்களையே சுட்ட இரண்டு மாணவர்களும் 'டூம்' என்ற கேம் விளையாடியவர்கள். அன்றிலிருந்துதான் இந்தப் பயம் வீடு வீடாகப் போனது. ஆனால் அந்தக் கேமை விளையாடிய மற்றக் கோடிக்கணக்கான பொடியள் காலையில் எழும்பிப் பள்ளிக்கூடம் போனார்கள், அவ்வளவுதான். கலிபோர்னியா மாநிலம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இவற்றை விற்கக்கூடாது என்று போட்ட சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல், 7 நீதிபதிகளுக்கு 2 பேர் எதிராக, செல்லாது என்றது. 2019இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 14, 15 வயதான 1,004 பிரித்தானியப் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். பிள்ளையின் நடத்தையைப் பற்றி வீட்டாரிடமும் கேட்டார்கள். வன்முறைக் கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் தொடர்பைக் காணவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் கொஞ்சம் வேறு விதமாகச் சொல்கிறது. கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு ஒரு சிறு தொடர்பு உண்டு, ஆனால் கொலை, குற்றம் போன்ற வன்முறைக்கு இதுதான் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று 2020இல் அறிவித்தது. கத்துகிற விசயம் உண்மைதான். தோற்றால் என் அக்காவின் மகன் கத்துகிற கத்தலில் கீழ்வீட்டு சின்யோரா தும்புத்தடியால் சீலிங்கில் இடிக்கிறா.

தடை போட்ட இடங்களில் என்ன நடந்தது? 2019 மார்ச்சில் குஜராத்தில் ராஜ்கோட் பொலிஸ் 'பப்ஜி' விளையாடத் தடை விதித்தது. சில நாளில் பத்துப் பேரைக் கைது செய்தது. கேம் விளையாடினால் குற்றவாளி ஆவான் என்று தடுத்தார்கள். தடுத்ததால்தான் அந்தப் பத்துப் பேரும் குற்றவாளி ஆனார்கள்! தென்கொரியா 2011இல் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணிவரை இணையத்தில் விளையாடக் கூடாது என்று சட்டம் போட்டது. பொடியள் கைபேசிக்கு மாறினார்கள், அந்தச் சட்டத்துக்குள் கைபேசி இல்லை. பத்து வருடம் கழித்து அரசே அதை நீக்கியது.

வெளிநாட்டுக் கதை போதும். இந்த ஊருக்கு வருவோம். நான் தினமும் சென்ட்ராலேயில் ஏறிக் கரினியில் இறங்குகிறேன். வழியில் கப்பாச்சி வரும். 1992 மே 23 அன்று அங்கே நெடுஞ்சாலைக்குக் கீழே குண்டு வைத்து நீதவான் ஜொவான்னி பல்கோனேயையும் மனைவியையும் மூன்று காவலர்களையும் கொன்றார்கள். இரண்டு மாதம் முடியவில்லை, ஜூலை 19 அன்று பலெர்மோ நகரத்துக்குள்ளேயே நீதவான் பாவலோ பொர்செல்லினோவும் ஐந்து காவலர்களும். அந்தக் குண்டுகளை வைத்தவர்கள் எந்தக் கேம் விளையாடிப் பழகினார்கள்? 1991இல் இத்தாலி முழுக்க 1,900க்கு மேற்பட்ட கொலைகள். 2023இல் ஏறக்குறைய 330. அந்த முப்பது வருடத்தில்தான் பிளேஸ்ரேசன் வீட்டுக்கு வீடு வந்தது. கேம் வந்ததால் கொலை குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அதுவும் விசர்க்கதை. கூட்டியதென்று சொல்லத்தான் வழியில்லை.

அப்படியென்றால் ஒரு பொடியன் எப்படிக் கெட்டுப் போகிறான்? அதைச் சரியாகப் பிடித்தவர் ஒருவர் எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார். இங்கிருந்து கிழக்குப் பக்கம் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பிராங்காச்சியோ. அங்கே சன் கயெதானோ கோயிலில் 1990இலிருந்து பங்குச் சாமியாராக இருந்தவர் பினோ புலீசி. மாபியாவுக்கு ஆள் எங்கேயிருந்து கிடைக்கிறது என்று அவர் பார்த்தார். தெருவில் சும்மா நிற்கிற பிள்ளைகளிடமிருந்துதான். அந்தப் பகுதியில் அப்போது ஒரு ஸ்குவோலா மேடியா கூட இல்லை. அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். 1993 ஜனவரியில் 'சென்ட்ரோ பாத்ரே நோஸ்த்ரோ' என்று ஒரு இடத்தைத் திறந்து பிள்ளைகளை உள்ளே எடுத்தார். வீட்டுப்பாடம், விளையாட்டு, கதை. அதே வருடம் செப்டெம்பர் 15, அவருடைய ஐம்பத்தாறாவது பிறந்தநாள் அன்று, வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள். 2013இல் இதே பலெர்மோவில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது எங்கள் ஆட்களும் போயிருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு இடம் திறந்தவரை மாபியா விட்டுவைக்கவில்லை. அவர்களுக்கு எது நட்டம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இதை யோசித்துக்கொண்டு, நாங்கள் பின்னறையைத் திறப்பதா விடுவதா என்று இங்கே கதைக்கிறதைக் கேட்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

போன வருடம், 2025 ஏப்ரல் கடைசியில், மொன்ரியாலேயில் மூன்று இளைஞர்களைச் சுட்டுக் கொன்றதை மறந்திருக்க மாட்டீர்கள். கைதானவர்கள் ட்ஸென் பகுதிப் பொடியள். ஒரு வாய்த்தர்க்கத்தில் தொடங்கியது என்று பத்திரிகைகள் எழுதின. வாய்த்தர்க்கம் எல்லா ஊரிலும் உண்டு. இடுப்பில் துவக்கோடு ஒரு பொடியன் கடைத்தெருவுக்கு வருகிறான் என்றால் அந்தத் துவக்கை யார் கொடுத்தது என்றுதான் கேட்க வேண்டும். பிளேஸ்ரேசன் துவக்கு விற்பதில்லை. எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு எங்கே நிற்கிறார்கள்? ஸ்ரேசனுக்கு முன்னால், பியாற்சா ஜூலியோ செசாரேயில். பல்லாரோவில் கிராக் விற்கிறவனுக்கும் சாமான் கொண்டு ஓட ஒரு பொடியன் வேண்டும். அவன் எங்களைப் போல் கூட்டம் போட்டு யோசிப்பதில்லை.

இனி எங்களையே எடுங்கள். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, கேமுக்கு எங்கே போவது? நாங்கள் பனை மட்டையைத் துவக்காகப் பிடித்து ஆமி-பெடியன் விளையாடினோம். என்னோடு மட்டை பிடித்தவர்களில் சிலர் பிறகு உண்மைத் துவக்கும் பிடித்தார்கள். மட்டையாலா போனார்கள்? தலைக்கு மேலே கெலி சுற்றியதாலும், தமையனைச் சுற்றிவளைப்பில் கொண்டு போனதாலும், சிலரை வலுக்கட்டாயமாகக் கொண்டு போனதாலும்தான். மற்றவர்கள் இன்றைக்கு என்னைப் போலப் பெட்டி அடுக்குகிறார்கள்.

இவ்வளவும் சொன்னதால், எதையும் விளையாடட்டும் என்று நான் வாதாட வந்ததாக நினைக்காதீர்கள். போன கூட்டத்தில் ஐயா கேட்ட கேள்விக்குக் கைதட்டல் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரு அம்மா மெதுவாக ஒரு வார்த்தை சொன்னா, அது ஒருவர் காதிலும் சரியாக விழவில்லை. "எனக்கு அந்தச் சத்தம் ஏலாது தம்பி" என்றா. பேரன் 'கோல் ஒவ் டியூட்டி' போட்டால் அவ கதவைத் திறந்து மாடிப்படியில் போய் இருக்கிறாவாம். அவ முள்ளிவாய்க்காலால் வந்தவ. எங்களில் எத்தனை வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார்!

2010இல் 'மாபியா 2' கேம் வெளிவந்தபோது அதைத் தடை செய்யச் சொன்னவர் சோனியா அல்பானோ. அப்போது ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர், மாபியாவால் கொல்லப்பட்டவர்களின் குடும்பச் சங்கத் தலைவி. அவருடைய தகப்பன் பெப்பே அல்பானோ பத்திரிகையாளர். மெஸ்ஸினா மாகாணத்தில் 1993 ஜனவரியில் மாபியா சுட்டது. கேம் கம்பனி, 'த கோட்பாதர்' படத்தில் இருப்பதுதானே இதிலும் இருக்கிறது என்று மறுமொழி சொன்னது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். வியா மக்கேதாவில் கோட்பாதர் பெனியன் தொங்கவிட்டு விற்கிறவனும் அதைத்தான் சொல்வான். ஆனால் தகப்பனைப் பறிகொடுத்தவளுக்கு அது ஒரு மறுமொழியா? 2025இல் வந்த 'மாபியா: த ஓல்ட் கன்ட்ரி'யில் பாத்திரங்கள் சிசிலியன் பாஷையே கதைக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அது சொந்தப் பாஷை மாதிரி, நல்லாய் ரசிக்கிறார்கள். கிபிர் சத்தமும் தமிழும் வைத்து நாளைக்கு ஒருவன் கேம் செய்தால் எங்களுக்கு எப்படி இருக்கும்?

ஆகவே கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். "நீ குற்றவாளி ஆவாய்" என்று காரணம் சொல்லிக் கட்டுப்படுத்தாதீர்கள். அது உண்மையில்லை, பொடியளுக்கும் அது தெரியும், சிரிப்பார்கள். கடிதம் தந்த பொடியளோடு போன ஞாயிறு இருந்து கதைத்தேன். மே மாதத்தில் இதே மண்டபத்தில்தான் இறந்தவர்களின் படங்களுக்கு விளக்கேற்றுகிறோம், அதனால் இங்கே சுடுகிற கேம் வேண்டாம் என்றேன். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஒரு பொடியன் மட்டும், "அம்மம்மாவுக்கு ஏன் ஏலாது? எங்கட வீட்டில ஒருத்தரும் அதைப் பற்றிச் சொல்லேல்லையே" என்று கேட்டான். பதினாலு வயது. அவனுக்கு நான் ஒன்றரை மணித்தியாலம் மறுமொழி சொன்னேன்.

வீட்டில் என்ன செய்வது என்பது உங்கள் விருப்பம். பெட்டியில் 3, 7, 12, 16, 18 என்று ஒரு இலக்கம் இருக்கும். 2003இலிருந்து ஐரோப்பாவில் இருக்கிற வயது அடையாளம் அது, வாங்க முதல் பாருங்கள். எனக்கு அதைவிடப் பயம் மற்ற இரண்டு விசயத்தில்: விளையாடும்போது காதுக்குள் கதைக்கிற முன்பின் தெரியாத ஆட்கள், கேமுக்குள் உடுப்பும் பெட்டியும் வாங்க உங்கள் கார்ட்டில் கழிகிற காசு. இரவு வேலைக்குப் போகிற பெற்றோர் கேம் பெட்டியின் வயரைக் கையோடு கொண்டு போகலாம். நான் பகிடிக்குச் சொல்லவில்லை, செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

என்னுடைய யோசனை இதுதான். பின்னறை சனிக்கிழமை நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை. உதைபந்தும் கார் ஓட்டமும் மட்டும். கரம் போர்ட்டும் இருக்கட்டும். பெரிய ஆள் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். முதல் நாலு சனிக்கிழமையும் நான் இருக்கிறேன், எனக்குப் பகல் வேலை. ஐந்தாவது சனிக்கிழமைக்கு ஒருவர் பெயர் தர வேண்டும். கொப்பி செயலாளர் அண்ணையிடம் இருக்கிறது.