அலையும் கவனமும் துணைநிற்கும் இல்லமும்



டில்லியில் நாம் வசிக்கும் அரசாங்கக் குடியிருப்பில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். "கையைக் கழுவிக்கொண்டு, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா" என்பாள் தாய். சிறுவன் போவான்; குழாயில் நீர் விழும் வேடிக்கையில் லயித்து நின்றுவிடுவான். புத்தகம் மறந்தே போகும். தந்தை கை ஓங்குவார். "வளர்த்த விதம் சரியில்லை" என்று உறவினர் தாயைக் குறை கூறுவர்.

இந்நிலையை மருத்துவர்கள் 'கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு' என்கின்றனர். ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் 1902-ஆம் ஆண்டிலேயே லண்டன் சொற்பொழிவுகளில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி விவரித்தார். இதில் மரபுவழியின் பங்கே பெரிது. தாயின் வளர்ப்பு இதற்குக் காரணமன்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இப்பெயரிலுள்ள 'குறைவு' என்ற சொல் முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. விருப்பமான விளையாட்டில் இக்குழந்தை நெடுநேரம் ஆழ்ந்திருக்கக் கூடும். கவனத்தை வேண்டிய இடத்தில், வேண்டிய பொழுதில் நிறுத்துவதே அதற்கு அரிது. கேட்டதை மனத்தில் ஏந்தியிருத்தல், எழுகின்ற உந்துதலை அடக்குதல், காலத்தை அளந்து திட்டமிடுதல் ஆகிய சிந்தனைத் திறன்கள் பல குழந்தைகளிடம் தளர்ந்திருக்கின்றன.

இதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சி உண்டு. பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் முதலில் கற்பவர் பெற்றோரே. குழந்தையின் அருகே சென்று, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே கட்டளையைச் சொல்ல வேண்டும். காலைக் கடமைகளைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டலாம். மணற்கடிகாரத்தை வைத்து நேரத்தைக் கண்ணுக்குக் காட்டலாம். நற்செயலை அக்கணமே பாராட்ட வேண்டும். மாலையில் பாராட்டினால் பயன் குறைவு. தவறுக்கு அடி வேண்டா. முன்பே சொல்லிவைத்த சிறு இழப்பு போதும்.

இதனால் சிந்தனைத் திறன் முழுதும் சீராகிவிடுமா? அவ்வாறு உறுதி கூறுவதற்கில்லை. அமெரிக்காவில் 7 முதல் 9 வயது வரையுள்ள 579 குழந்தைகளிடம் நடந்து, 1999-இல் வெளியான ஆய்வில், 14 மாதக் கவனமான மருந்துச் சிகிச்சை நடத்தைப் பயிற்சியைவிட அறிகுறிகளை மிகுதியாகக் குறைத்தது. எனினும், பள்ளி செல்லாத இளங்குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சியே முதற்சிகிச்சை என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகம் பரிந்துரைக்கிறது. மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மூக்குக்கண்ணாடி கண்ணை மாற்றுவதில்லை. ஆயினும் குழந்தை படிக்கிறது. அதுபோல, மனம் இன்னும் ஏந்த இயலாததைச் சுவரும் கடிகாரமும் தாயின் சொல்லும் ஏந்திக்கொள்கின்றன. குழந்தை பழகப் பழக, அத்துணையைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

நம் அண்டைவீட்டுக் குழாய்க்கு மேலே இப்போது மூன்று படங்கள் ஒட்டப்பட்டுள்ளன. சென்ற வாரமும் சிறுவன் புத்தகத்தை மறந்தான். ஆனால் தானே திரும்பிச் சென்று, படத்தைப் பார்த்து, எடுத்து வந்தான். "நினைவாகத் திரும்பிப் போனாயே!" என்று தாய் மகிழ்ந்தாள். தந்தையின் கை அன்று ஓங்கவில்லை. மகனின் தோளைத் தட்டியது.