பந்தயக் காருக்குப் பக்க யன்னல்

தம்பிலுவிலில் எனக்கு மருமகன் முறையான இளைஞர் ஒருவர் இருக்கிறார். தொழிலால் அவர் படகு வார்ப்பவர். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் நமது கீழ்க்கரையில் பைபர் கிளாஸ் வள்ளங்கள் பெருகியமையை நேயர்கள் அறிவார்கள். அத்தொழிலிலே கை பழகிய அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. பிசினும் இழைப்பாயும் கொண்டு வள்ளம் வார்க்கலாம் என்றால் மோட்டார்க் காருக்கு மேற்கூடு வார்த்தல் ஆகாதா என்பதே அது. ஆசைக்கு அவர் தேர்ந்துகொண்ட உருவமோ சாதாரணமானதன்று. போர்ட் கம்பனியாரின் 'ஜீ.ரி. 40' என்னும் பந்தயக் கார். பிரான்ஸ் நாட்டிலே லெ மான் நகரில் நடைபெறும் 24 மணிநேரப் பந்தயத்தில் 1966 முதல் 1969 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெற்ற கார் அது. நிலத்திலிருந்து கூரை வரை அதன் உயரம் ஏறத்தாழ 40 அங்குலம். பெயரிலுள்ள நாற்பதும் அதுவே. வயலுக்குச் செல்லும் உழவு இயந்திரத்தின் பெரிய சில்லு அதனிலும் உயரமானது.

கிடுகுப் பந்தலின் கீழ் ஈராண்டு உழைத்துக் கூட்டினை வார்த்து முடித்தார். பக்க யன்னல்களுக்கு அசலில் உள்ளவாறே வளைந்த அக்கிரிலிக்குத் தகடு பொருத்தினார். பெயர்ப்பலகை எழுதுவோர் பயன்படுத்தும் அதே தகடுதான். பந்தயக்காரர் அதனை விரும்புவதற்குக் காரணம் எளியது. கண்ணாடியின் எடையிற் பாதிக்கும் குறைவானது அது. சூடாக்கி வேண்டியவாறு வளைக்கலாம். ஒரு மாலைப்பொழுதில் என்னையும் அமர்த்திக்கொண்டு அக்கரைப்பற்றுக்குச் சென்றார். திரும்புகையில் இருட்டிவிட்டது. ஒழுங்கையொன்றிலிருந்து பெரிய வீதிக்கு ஏறவேண்டிய இடம். வலப்புறத்தே ஒரு லொறி விளக்கெறிந்து வந்தது. அவ்வளவுதான்; எங்கள் வலப்பக்க யன்னல் முழுவதும் பால் ஊற்றினாற்போல வெளுத்துவிட்டது. லொறி கடந்தது, மருமகன் காலெடுத்தார். அக்கணத்தில் விளக்கில்லாத துவிச்சக்கர வண்டியொன்று எங்கள் மூக்கை உரசிக்கொண்டு சென்றது. ஏறியிருந்தவருக்குப் பின்னால் ஒரு சிறுவனும் இருந்தான். வண்டியோட்டி ஒரு சொல்லும் சொல்லாமற் போய்விட்டார். வசைமொழி கேட்டிருந்தால் எங்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து யன்னலைக் கைவிளக்கால் பார்த்தோம். மயிரிழை போன்ற கீறல்கள் ஆயிரம். நம்மூர் மணலூர். கச்சான் காலத்திலே தூசி படிந்தபடியே இருக்கும். மருமகன் நாள்தோறும் காய்ந்த துணியால் அதனைத் துடைத்து வந்திருக்கிறார். துணிக்கும் தகட்டுக்கும் நடுவே அகப்பட்ட ஒவ்வொரு மணலும் ஓர் உளி. பகலில் அக்கீறல்கள் கண்ணுக்குப் புலப்படா. இரவில் ஒளி பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு விளக்காகிவிடும்.

"மாமா, இனி யன்னலுக்கு என்ன செய்யலாம்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியதிலே நான் அறிந்தவற்றையே இன்று சொல்ல வந்தேன்.

பந்தயக் காரை வீதிக்குக் கொண்டுவரும் ஆசை நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் கொவென்றி நகரத்து ஜாகுவார் கம்பனியார் அதனைத் தொழிலாகவே செய்து பார்த்தார்கள். அவர்களுடைய 'டீ' வகைக் கார் 1955, 1956, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் லெ மானில் வெற்றி பெற்றது. எனினும் 1956ஆம் ஆண்டின் முடிவில் கம்பனி தன் பந்தய அணியைக் கலைத்துவிட்டது. எஞ்சிக் கிடந்த 25 கார்களை வீதிக் கார்களாக மாற்றி, 'எக்ஸ்.கே. எஸ்.எஸ்.' என்று பெயரிட்டு விற்கத் துணிந்தார்கள். அவர்கள் செய்த மாற்றங்களைக் கவனியுங்கள். இயந்திரம் பந்தய இயந்திரமாகவே இருந்தது. ஓட்டுநருக்கும் பயணிக்கும் நடுவே இருந்த தடுப்பை நீக்கினார்கள். பயணியின் பக்கம் புதிதாக ஒரு கதவு வெட்டினார்கள். ஓட்டுநரின் தலைக்குப் பின்னே நின்ற செதிலை எடுத்துவிட்டார்கள். முன்கண்ணாடியைச் சட்டமிட்டு அகலம் முழுவதற்கும் நீட்டினார்கள். மடிக்கும் துணிக்கூரையும் பக்கத் திரைகளும் சேர்த்தார்கள். 1957 பெப்ரவரி 12ஆந் தேதி தொழிற்சாலையில் தீப்பற்றி ஒன்பது கார்கள் அழிந்தன. 16 மட்டுமே அந்நாளில் வாங்கினோர் கைக்குச் சென்றன. அழிந்த ஒன்பதுக்கும் ஈடாக ஒன்பதைப் புதிதாகக் கட்டப்போவதாக 2016இல் அக்கம்பனியே அறிவித்தது.

பந்தய வீரன் முன்னே பார்த்து ஓடுகிறான். பக்கத்திலிருந்து அவன் பாதையில் மாடு வருவதில்லை; பள்ளிப் பிள்ளைகள் வருவதில்லை. வீதியில் ஓடுபவனுக்கோ ஆபத்து பெரும்பாலும் பக்கத்திலிருந்தே வருகிறது. ஆதலால் பந்தயக் காரை எவ்வளவு உண்மையாகப் படியெடுத்தாலும், பக்க யன்னலோடு அந்த உண்மை நின்றுவிட வேண்டும் என்பது என் துணிபு.

மருமகனுக்கு இது எளிதில் உடன்பாடாகவில்லை. அந்த வளைவு போனால் காரின் முகமே போய்விடும் என்றார். நாங்கள் கல்முனைக்குச் சென்று, லொறிகளுக்கும் பஸ்களுக்கும் கண்ணாடி மாற்றும் ஒரு பெரியவரிடம் காட்டினோம். மருமகன் அவரைக் காக்கா என்றே அழைப்பார். அவர் கதவைத் தடவிப் பார்த்தார். ஒரு நூலை மேலும் கீழும் பிடித்து வளைவை அளந்தார். கதவு நீ வார்த்ததுதானே தம்பி, அரை அங்குல வளைவைத் தியாகம் செய்து மறுபடியும் வார்த்தால் தட்டைக் கண்ணாடி இடலாமே என்றார். இரண்டு நாள் பேசாதிருந்த மருமகன் மூன்றாம் நாள் அச்சினைத் திருத்தத் தொடங்கினார்.

கண்ணாடி என்றவுடன் வீட்டு யன்னற் கண்ணாடியை எண்ணிவிடலாகாது. அது உடைந்தால் கத்தியாகும். கார்க் கதவுக்கு உரியது பதமேற்றிய கண்ணாடி. அறுநூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உடனே குளிர்ந்த காற்றை ஊதி அதனைப் பதமேற்றுவார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உள்ளே பின்னர் குளிரும் பகுதி அதனைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த இழுபறியே அதன் வலிமை. உடைந்தால் முழுவதும் சிறு மணிகளாக உதிரும். ஆனால் பதமேற்றிய பின்னர் அதனை வெட்டவோ துளையிடவோ முடியாது. முயன்றால் கையிலேயே உதிர்ந்துவிடும். ஆதலால் கடினமான அட்டையிலே மாதிரி வெட்டி, கதவிலே வைத்துப் பலமுறை பார்த்து, துளையும் விளிம்பும் தீர்மானமான பின்னரே உலைக்கு அனுப்பவேண்டும். நாங்கள் நான்கு அட்டைகளை வீணாக்கினோம். அட்டை மலிவு.

அக்கிரிலிக்கையே விரும்புவோரும் இருப்பார்கள். அப்பொருளை நான் பழிக்கமாட்டேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானங்களின் மேற்கூண்டு அதனால் ஆனது. அக்கூண்டு சிதறிக் கண்ணுட் பாய்ந்த துண்டுகள் விமானிகளின் கண்ணைப் புண்படுத்தாமற் கிடந்ததை ஹரல்ட் றிட்லி என்னும் வைத்தியர் கவனித்தார். 1949இல் இலண்டனில் அப்பொருளாலான வில்லையைக் கண்புரை நோயாளி ஒருவரின் கண்ணுள்ளே வைத்தார். இன்று கண்புரைக்கு வில்லை வைத்துக்கொண்டோர் அனைவரும் அந்த யன்னலுக்குக் கடமைப்பட்டவர்களே. ஆயினும் காரிலே பொருத்துவோர் ஒன்றை மறத்தலாகாது. வெப்பத்தில் அது கண்ணாடியைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு விரியும். ஒரு மீற்றர் நீளத் தகடு முப்பது பாகை வெப்ப ஏற்றத்தில் இரண்டு மில்லிமீற்றர் வளரும். ஆணித்துளையை ஆணியின் அளவுக்கே இட்டு இறுக்கினால் நமது வெயிலில் துளையிலிருந்தே வெடிப்பு ஓடும். துளை பெரிதாக இருத்தல் வேண்டும். றப்பர் வளையம் இடுதல் வேண்டும். பெற்றோலாலோ மதுசாரத்தாலோ துடைத்தல் கூடாது. முதலில் நீர் ஊற்றி மணலைக் கழுவிவிட்டு, பின்னரே மெல்லிய துணியால் தொடவேண்டும்.

பொலிகாபனேற்று என்னும் மற்றொரு தகடு உண்டு. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. கேட்கும்போது அதுவே சிறந்தது என்று தோன்றும். ஆனால் ஜீ.ரி. 40 காரின் கதவு கூரையின் ஒரு பகுதியையும் சேர்த்து வெட்டியது. கார் தலைகீழாகக் கவிழ்ந்துவிட்டால் அக்கதவு நிலத்தில் முட்டித் திறவாது போகலாம். நமது வீதியோரத்தில் வாய்க்காலும் களப்பும் இருக்கின்றன. அப்போது வெளியேற யன்னலொன்றே வழி. அந்த யன்னல் உடையாத தகடாக, நாற்புறமும் ஆணியறையப்பட்டு இருந்தால் அது யன்னலன்று, சிறைச்சுவர். அத்தகடுதான் வேண்டுமென்போர், உள்ளிருந்து ஒரு வாரை இழுத்தால் முழுத் தகடும் கழன்றுவிடுமாறு அமைக்கட்டும். பதமேற்றிய கண்ணாடியாயின் கூர்நுனியுள்ள சிறு சுத்தியலால் மூலையிலே ஓர் அடி போதும். அச்சுத்தியல் இருக்கைப் பட்டி கட்டியபடியே கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். பின்புறப் பெட்டியில் வைத்திருப்பவர்களையும் நான் கண்டிருக்கிறேன்!

இனி, யன்னல் திறக்கும் விதம். பந்தயக் காருக்கு வேகமே காற்று. கல்முனைச் சந்தை வீதியில் நெல்மூடைகள் ஏற்றிய உழவு இயந்திரத்தின் பின்னால் நடைவேகத்தில் ஊரும்போது அந்தக் காற்று எங்கே? உச்சிவெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும். கையால் சைகை காட்டவும் வழி வேண்டும். பழைய ஆங்கிலத் திறந்த கார்களின் பக்கத் திரைகளில் அதற்கென்றே ஒரு மடல் வைத்திருந்தார்கள். சுற்றி இறக்கும் கண்ணாடிக்கு இந்த மெல்லிய கதவிலே இடமில்லை. 1959இல் வெளிவந்த மினிக் கார் இவ்விடத்தில் நமக்கு ஆசிரியராகிறது. அலெக் இசிகோனிஸ் அதற்கு நகர்த்தும் யன்னல் வைத்தார். பொறி இல்லாமையாற் கதவின் வெற்றிடம் பொருள் வைக்கும் பையாயிற்று. பத்தாண்டு கழித்து 1969இலேதான் அக்காருக்குச் சுற்றி இறக்கும் கண்ணாடி வந்தது. மருமகனும் அவ்வாறே இரு பாதியாகச் செய்தார். முன்பாதி பின்னே நகரும்.

நகர்த்தும் யன்னலின் குறை அதன் தவாளிப்பு. இங்கிலாந்தில் மினியின் தவாளிப்பில் நீர் தேங்கிப் பாசி வளரும் என்பார்கள். நமக்கு வாடைக்காலத்து மழை, கச்சானில் மணல், எக்காலமும் உப்பு. அடியிலே நீர் வடியத் துளை இல்லாவிட்டால் ஒரே ஆண்டில் யன்னல் இறுகிப்போகும். அலுமினியத் தவாளிப்பில் இரும்புத் திருகாணி நேரே தொட்டுக்கொண்டிருந்தாலும் கடற்காற்று இரண்டையும் அரித்துவிடும். நடுவே நைலோன் வளையம் இடவேண்டும். இது வள்ளக்காரருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை.

வீதியில் ஓடும் வாகனங்களை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம் ஆள்கிறது. ஆகவே செய்யப்போகும் மாற்றத்தை வரைந்து, திணைக்களத்தில் முன்னரே காட்டிக் கேட்பது நன்று. செய்து முடித்தபின் கேட்பது செலவு.

சென்ற மாதம் அதே ஒழுங்கை வாயிலுக்கு மறுபடியும் வந்தோம். இரவுதான். மருமகன் காரை நிறுத்தி, கண்ணாடியை நகர்த்தி, தலையைச் சற்றே நீட்டி வலப்புறம் பார்த்தார். லொறி போயிற்று. அதன் பின்னாலிருந்து ஒரு மணியோசை கேட்டது. துவிச்சக்கர வண்டி ஒன்று விளக்கின்றியே வந்து, எங்களைக் கடந்து, மெல்லச் சென்றது. கண்ணாடியை மூடியபோது தவாளிப்பிலே மணல் நெருநெருத்தது. அவர் கதவுப் பையிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து, நீர் வடியும் துளையைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, காரை எடுத்தார்.