கர்ப்பத்தடை: கட்டாயமும் கூடாது, கைவிடுதலும் கூடாது!

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏழைகள் பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளுவதால்தான் வறுமை என்கிறார்கள் பணக்காரர்கள். 1798-ல் மால்தஸ் பாதிரியார் பாடிய பழைய பல்லவி இது. நம் கூலியைக் குறைப்பது தொட்டில் அல்ல, சுரண்டல்.

அப்படியானால் கர்ப்பத்தடையே வேண்டாமா? வேண்டும். 1913-ல் மால்தஸ்வாதிகளைச் சாடிய லெனின், அதே கட்டுரையில், கர்ப்பத்தடை பற்றிய மருத்துவ நூல்களைப் பரப்புவதற்கு எதிரான சட்டங்களை ஒழிக்கவேண்டுமென்றும் கோரினார். எத்தனை பிள்ளை, எப்போது என்பதைத் தீர்மானிப்பது தாயின் உரிமை.

இந்திய சர்க்கார் 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் ஏழையிடம் அது எப்படி வந்தது? அவசர நிலைக் காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில், 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆபரேஷன் நடந்தது. அதிகாரிகளுக்கு இலக்கு, ஏழைக்குக் கத்தி! 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரு முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் ஒரே டாக்டர் ஆபரேஷன் செய்தார். அம்மாவட்ட முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 13 பெண்கள் மாண்டனர். மூன்றாண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தும்படி 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

முகாம் போனால் போதுமா? அதனிடத்தில் ஆஸ்பத்திரியில் நிரந்தர ஏற்பாடு வேண்டும். பிரசவ வார்டுக்கு அருகில் தனி அறை. இதற்கென்றே பயிற்சி பெற்ற நர்ஸ். காப்பர்-டி, மாத்திரை, ஊசி, உறை, ஆபரேஷன் ஆகிய எல்லாவற்றின் நன்மை தீமைகளையும் கர்ப்பகாலத்திலேயே அவர் விளக்கவேண்டும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைக்கலாம். தாய் விரும்பினால் அதைப் பிறகு எடுத்தும்விடலாம். வலியில் துடிப்பவளிடம் வாங்கும் கைநாட்டு சம்மதமாகாது. "நர்ஸ் இல்லை, நாளைக்கு வா" என்றால் கூலிக்காரிக்கு இரண்டு நாள் கூலி போகிறது. உதிரப்போக்கு, வலி என்று திரும்பி வருபவளை விரட்டாமல் கவனிக்கவும் ஆள் வேண்டும்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 58 பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! ஆணுக்கான ஆபரேஷன் எளிது. கத்தியே இல்லாமல் சில நிமிஷத்தில் முடியும். தறி ஓட்டும் பலமோ, ஏர் பிடிக்கும் பலமோ குறையாது. மூன்று மாதம் உறை உபயோகித்து, பிறகு பரிசோதித்துக்கொண்டால் போதும். சுமை முழுவதையும் பெண் தலையில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

ஆகவே, தோழர்களே! கூலி உயர்வுக் கோரிக்கையோடு இதையும் எழுதுங்கள்: ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் தனி அறை, தனி நர்ஸ், ஆபரேஷன் செய்துகொள்வோருக்குச் சம்பளத்துடன் லீவு. மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் சேர்ந்து நின்றால் இதைப் பெறமுடியும். பெற்றே தீருவோம்!